விண்டோஸை மாற்றியதும் ஃபைல்களைக் காணவில்லையா? பதறாமல் தேடுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதிகம் பயப்படுவது வைரஸுக்குத்தான். ஆனால் என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்களில் பலருடைய பிரச்சினை வைரஸ் அல்ல. "விண்டோஸை மாற்றினோம், எல்லா ஃபைலும் போய்விட்டது" என்பதுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டிப் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். சிலர் தாங்களே மாற்றினார்கள். பலர் கடையில் கொடுத்து மாற்றினார்கள். மாற்றிய பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தால் டெஸ்க்டாப் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. குழந்தையின் பிறந்தநாள் போட்டோ, கல்லூரி ப்ராஜெக்ட், கடைக் கணக்கு எதுவுமே இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். காணாமல் போன ஃபைல் வேறு, அழிந்துபோன ஃபைல் வேறு. நான் பார்த்தவரையில் பல ஃபைல்கள் காணாமல் போனவைதான். அவை ஹார்டு டிஸ்கிலேயே வேறு ஏதோ ஒரு ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்கள்தான் அவற்றை நிஜமாகவே அழித்துவிடுகின்றன. ஆகவே எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்ற வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

விண்டோஸை மாற்றுவதில் மூன்று வகை

"விண்டோஸ் மாற்றியாச்சு" என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, அப்கிரேடு. இருக்கும் விண்டோஸின் மேலேயே புதியது ஏறும். "பர்சனல் ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்துக்கொள்ளவா?" என்று கேட்கும். ஆமாம் என்று கொடுத்தால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

இரண்டாவது வகை, ஃபார்மேட் செய்யாமல் புதிதாக இன்ஸ்டால் செய்வது. பென் டிரைவில் இருந்து பூட் செய்து, பழைய விண்டோஸ் இருந்த அதே சி டிரைவில் புதியதைப் போடுவார்கள். இதில் டெஸ்க்டாப் காலியாகத்தான் வரும். ஆனால் பழைய விண்டோஸும் அதில் இருந்த உங்கள் ஃபைல்களும் பொதுவாக "விண்டோஸ் டாட் ஓல்டு" என்ற ஃபோல்டருக்குப் போய்விடும்.

மூன்றாவது வகை, ஃபார்மேட் செய்து இன்ஸ்டால் செய்வது. இதில் அந்த டிரைவில் இருந்தது போய்விடும். மீட்பது கஷ்டம். சில சமயம் முடியவே முடியாது.

உங்கள் கம்ப்யூட்டருக்கு நடந்தது எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைக்காரரிடம் "ஃபார்மேட் பண்ணீங்களா, அப்படியே போட்டீங்களா?" என்று ஒரு போன் செய்து கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

முதல் வேலை: எதுவும் செய்யாமல் இருப்பது

ஃபைல் இல்லை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அந்தக் கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். புதிய புரோகிராம் போட வேண்டாம். படம் டவுன்லோட் செய்ய வேண்டாம். "கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன்" என்று சொல்லும் கிளீனர் புரோகிராம்களை ஓட்டவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஹார்டு டிஸ்கில் ஃபைல் அழிவது எப்படி என்று புரிந்தால் காரணம் புரிந்துவிடும். பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஒரு வீட்டின் பெயரை அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வீடு இடிந்துவிடாது. ஆனால் பதிவேட்டைப் பார்த்து "இது காலி மனை" என்று நினைத்து வேறொருவர் அங்கே வீடு கட்டத் தொடங்கினால் பழைய வீடு போய்விடும். விண்டோஸும் இப்படித்தான். ஒரு ஃபைலை டெலிட் செய்யும்போது தன் பதிவேட்டில் "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்கிறது. ஃபைலில் இருந்த தகவல் டிஸ்கில் அப்படியே கிடக்கிறது. அந்த இடத்தில் வேறு ஃபைல் எழுதப்படும்வரை மீட்க வாய்ப்பு உண்டு.

இது பழைய மாதிரி ஹார்டு டிஸ்குக்குத்தான் பொருந்தும். இப்போது விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி. அதில் "ட்ரிம்" என்று ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸ் 7 முதலே இதற்கு ஆதரவு உண்டு. "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும். எஸ்எஸ்டி தன் வசதிப்படி அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து வைத்துக்கொள்ளும். பதிவேட்டில் அடித்ததும் ஆள் அனுப்பி வீட்டை இடித்துவிடுவது போல! அதனால் எஸ்எஸ்டியில் நிஜமாகவே டெலிட் ஆன ஃபைலை மீட்பது அரிது. எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் ஃபைல் டெலிட் ஆவதற்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.

தேட வேண்டிய நான்கு இடங்கள்

இதே வரிசையில் தேடுங்கள்.

1. வேறு யூசர் ஃபோல்டர்

டாஸ்க்பாரில் உள்ள மஞ்சள் ஃபோல்டர் ஐகானைக் கிளிக் செய்து ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறங்கள். "திஸ் பிசி" என்பதில் சி டிரைவைத் திறந்து, "யூசர்ஸ்" என்ற ஃபோல்டருக்குள் போங்கள். அங்கே உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் தவிர வேறு ஃபோல்டர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்கிரேடுக்குப் பிறகு புதிய யூசர் கணக்கு உண்டாக்கியிருந்தால், பழைய கணக்கின் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் பழைய பெயர் உள்ள ஃபோல்டரிலேயே இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2020 பிப்ரவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி 4532693 என்ற அப்டேட்டுக்குப் பிறகு, பலருடைய டெஸ்க்டாப் காலியாகிவிட்டதாகப் புகார் எழுந்தது. ஃபைல்கள் அழியவில்லை. விண்டோஸ் அவர்களுடைய சொந்தக் கணக்குக்குப் பதிலாகத் தற்காலிகக் கணக்கு ஒன்றில் திறந்திருந்தது. பழைய யூசர் ஃபோல்டரின் பெயர் கடைசியில் ".000" என்றோ "பேக்" என்றோ சேர்ந்து மாறியிருந்தது. சிலருக்கு ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் திரும்ப வந்தது. சிலர் அந்த அப்டேட்டை நீக்கிச் சரிசெய்தார்கள். "எல்லாம் போச்சு" என்று அன்றே ஃபார்மேட் செய்தவர் இருந்தால், அவர் தன் ஃபைல்களைத் தானே அழித்திருப்பார்.

2. விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டர்

சி டிரைவிலேயே இந்த ஃபோல்டர் இருக்கும். அதைத் திறந்து, "யூசர்ஸ்", பிறகு உங்கள் பழைய பெயர், பிறகு "டெஸ்க்டாப்", "டாக்குமென்ட்ஸ்", "பிக்சர்ஸ்", "டவுன்லோட்ஸ்" என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். உள்ளே போகும்போது "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு பெட்டி வரலாம். அதில் "கன்டினியூ" என்ற பட்டனை அழுத்துங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் திறந்துவிடும். கொஞ்ச நேரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

மிக முக்கியமான விஷயம்: இந்த ஃபோல்டருக்கு ஆயுள் 10 நாட்கள்தான். அப்கிரேடு செய்து 10 நாட்கள் ஆனதும் விண்டோஸ் தானாகவே இதை நீக்கிவிடும். "டிஸ்க் கிளீனப்" ஓட்டி, "முந்தைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்" என்ற பெட்டியில் டிக் செய்தால் அதற்கு முன்பே போய்விடும். எனவே ஃபோல்டர் இருப்பது தெரிந்தால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள். அன்றே ஒரு பென் டிரைவுக்கோ வெளி ஹார்டு டிஸ்குக்கோ காப்பி செய்யுங்கள். காப்பிதான் செய்ய வேண்டும், கட் செய்யக் கூடாது.

இன்னொன்றும் கவனியுங்கள். சி டிரைவில் நேரடியாக நீங்களே உண்டாக்கிய ஃபோல்டர்கள், உதாரணமாக "கணக்கு" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தால், அது பொதுவாக விண்டோஸ் டாட் ஓல்டுக்குள் போகாது. சி டிரைவில் பழைய இடத்திலேயே இருக்கும். அங்கேயும் ஒரு பார்வை பாருங்கள்.

3. ஒன்டிரைவ்

புதிய விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே போனால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்டிரைவ் என்ற இணைய சேமிப்பில் வைக்கும் வசதி இயங்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியானால் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் இரண்டாகிவிடும். ஒன்று யூசர் ஃபோல்டருக்குள் நேரடியாக இருக்கும். மற்றொன்று யூசர் ஃபோல்டருக்குள் உள்ள "ஒன்டிரைவ்" ஃபோல்டருக்குள் இருக்கும். நீங்கள் பார்ப்பது ஒன்று, ஃபைல் இருப்பது மற்றொன்று! இரண்டையும் திறந்து பாருங்கள். பிரவுசரில் ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் அங்கேயும் பாருங்கள். அங்கே உள்ள ரீசைக்கிள் பின்னில், தனிநபர் கணக்கு என்றால் டெலிட் ஆன ஃபைல்கள் 30 நாட்கள்வரை இருக்கும்.

4. மறைந்திருக்கும் டிரைவ்

சில சமயம் டி டிரைவே காணாமல் போயிருக்கும். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து "டிஸ்க் மேனேஜ்மென்ட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே டிரைவ் இருந்து, அதற்கு எழுத்து மட்டும் இல்லையென்றால், அதன் மேல் ரைட் கிளிக் செய்து எழுத்து கொடுத்தால் போதும். ஆனால் "இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்யவா?" என்று எந்தப் பெட்டி கேட்டாலும் "கேன்சல்" என்று மட்டும் அழுத்துங்கள்.

டிரைவின் மேல் பூட்டுப் படம் தெரிந்தால் அது பிட்லாக்கர் போட்டுப் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். திறக்க 48 இலக்க எண் ஒன்று வேண்டும். பூட்டியபோது மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பயன்படுத்தியிருந்தால் அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண் எங்கேயும் இல்லையென்றால் எந்த நிபுணராலும் திறக்க முடியாது.

கலசப்பாக்கத்துப் பட்டு டிசைன்கள்

இந்த வரிசை நிஜத்தில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். போளூரிலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கும் கலசப்பாக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் இருக்கிறார். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆரணிப் பட்டுக்காகத் தறி போட்டு நெய்யும் குடும்பம். புடவை பார்டருக்கும் முந்தானைக்கும் உரிய டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். டிசைன் ஃபைல் என்பது கட்டம் போட்ட தாள் மாதிரி. ஒவ்வொரு கட்டமும் ஒரு பாவு இழை மேலே தூக்கப்பட வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லும். அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள்.

ஒரு கடையில் கொடுத்து விண்டோஸ் 11 போட்டிருக்கிறார். டெஸ்க்டாப் காலி. கல்யாண ஆர்டர் ஒன்று கையில் இருந்தது. "தம்பி, பத்து வருஷத்து டிசைன் மொத்தமும் போச்சுப்பா. கடையில கேட்டா சாஃப்ட்வேர் போட்டு எடுக்கணும்னு சொல்றாங்க" என்றார்.

"மாமா, விண்டோஸ் மாத்தி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன்.

"போன வாரம் திங்கக்கிழமை. இன்னையோட ஒம்போது நாள்."

அதாவது ஒரு நாள்தான் பாக்கி. போனிலேயே சி டிரைவைத் திறக்கச் சொன்னேன். விண்டோஸ் டாட் ஓல்டு இருந்தது. கடைக்காரர் ஃபார்மேட் செய்யாமல்தான் போட்டிருக்கிறார். உள்ளே பழைய பெயரில் டெஸ்க்டாப், அதற்குள் டிசைன் ஃபோல்டர். பக்கத்துக் கடையில் ஒரு பென் டிரைவ் வாங்கி வரச் சொல்லி, நான் லைனில் இருக்கும்போதே காப்பி செய்ய வைத்தேன். மீட்பு சாஃப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை.

இரண்டு டிசைன்கள் மட்டும் அந்த ஃபோல்டரில் இல்லை. ஆரணியில் டிசைன் போடுகிறவர் அவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், மாமா ஃபோல்டரில் சேமிக்கவில்லை. மொபைலில் தேடியபோது இரண்டும் கிடைத்தன. ஒன்று "டாக்குமென்ட்" ஆக அனுப்பப்பட்டிருந்தது. அது ஒரு கட்டம்கூட மாறாமல் அப்படியே இருந்தது. மற்றொன்று "போட்டோ" ஆக அனுப்பப்பட்டிருந்தது. வாட்ஸ்அப் போட்டோவை அனுப்பும்போது அளவைச் சுருக்கி, ஜேபெக் ஆக மாற்றிவிடும். கண்ணால் பார்த்தால் படம் நன்றாகத்தான் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டங்களின் ஓரம் மங்கி, ஒரு நிறம் பல நிறமாகக் கலங்கியிருக்கும். கட்டத்தை எண்ண முடியாத டிசைனால் நெசவுக்குப் பயன் இல்லை.

அந்த ஒன்றைக் காப்பாற்றியது எது தெரியுமா? தறி மேல் தொங்கிய அட்டைதான்! அதே டிசைனுக்கு முன்பு துளை போட்டுக் கோர்த்த அட்டைகள் வீட்டிலேயே இருந்தன. ஒரு அட்டை என்பது டிசைனில் ஒரு வரிசை. துளை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் தூக்காது. அட்டை அட்டையாகப் பார்த்து, கட்டம் கட்டமாக மறுபடி வரைந்தார்கள். நாட்கள் பிடித்தன. ஆனால் டிசைன் திரும்ப வந்தது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரான்ஸில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் காட்டிய தறியில் வேலை செய்தது இந்தத் துளை அட்டைதான். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் இயந்திரங்கள் துளை அட்டைகளை எண்ணின. பிறகு பல பத்தாண்டுகள் கம்ப்யூட்டர்களும் துளை அட்டையில் இருந்துதான் தகவலைப் படித்தன. அந்தக் கம்ப்யூட்டரின் வாரிசு தொலைத்த டிசைனைத் தறியின் அட்டை திருப்பிக் கொடுத்தது. வேறு ஒரு பொருளில், வேறு ஒரு இடத்தில் இருக்கும் பிரதிதான் பேக்கப். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் இரண்டாவது பிரதி பேக்கப் ஆகாது.

அப்டேட்டே அழித்த கதை: 2018 அக்டோபர்

எல்லாச் சமயத்திலும் ஃபைல் ஒளிந்துதான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு உதாரணம் இருக்கிறது.

விண்டோஸ் 10-ன் "1809" என்ற பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2018 அக்டோபர் 2 அன்று வெளியிட்டது. போட்டவர்களில் சிலருக்கு டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் இருந்த ஃபைல்கள் நிஜமாகவே அழிந்துபோயின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்தி வைத்தது. 10,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் புகார் வந்ததாகச் சொன்னது. சரிசெய்த பதிப்பை நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டது.

காரணம் என்ன? டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை சி டிரைவில் இருந்து டி டிரைவுக்கு மாற்றி வைக்கும் வசதி விண்டோஸில் உண்டு. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, "ப்ராப்பர்ட்டீஸ்", "லொகேஷன்" என்று போய், புதிய இடத்தைக் கொடுப்போம். அப்போது "பழைய இடத்தில் உள்ள ஃபைல்களையும் மாற்றவா?" என்று கேட்கும். "நோ" கொடுத்தவர்களின் பழைய ஃபைல்கள் சி டிரைவிலேயே தங்கிவிடும். ஒன்டிரைவின் பழைய பதிப்பு ஒன்றும் இதேபோல் ஃபோல்டரை மாற்றிவிட்டு ஃபைல்களை விட்டுவைத்தது. 2018 ஏப்ரல் அப்டேட்டில் இப்படி மாற்றியவர்களுக்குக் காலி டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் ஒன்று கூடுதலாகத் தெரிந்தது. அதை நீக்கத்தான் அக்டோபர் பதிப்பில் புரோகிராம் சேர்த்தார்கள். அது காலி ஃபோல்டரை மட்டும் நீக்காமல், ஃபைல் இருந்த பழைய ஃபோல்டரையும் நீக்கிவிட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஃபோல்டரை மாற்றும்போது "யெஸ்" கொடுத்து ஃபைல்களையும் மாற்றுங்கள், மாற்றிய பிறகு பழைய இடம் காலியா என்று பாருங்கள். இரண்டாவது, பாதிக்கப்பட்டவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன அறிவுரை: கம்ப்யூட்டரை முடிந்தவரை பயன்படுத்தாமல் எங்களுக்கு போன் செய்யுங்கள். நான் மேலே சொன்ன முதல் வேலையும் அதுதான்.

கடைசி முயற்சி: மீட்பு புரோகிராம்கள்

நான்கு இடத்திலும் இல்லை என்றால்தான் மீட்பு புரோகிராம் பக்கம் போக வேண்டும். இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

ரெக்குவா: புதியவர்களுக்கு ஏற்றது. கேள்வி கேட்டு, பதிலுக்கு ஏற்பத் தேடும். மீட்க வாய்ப்பு எப்படி என்பதைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்புப் புள்ளிகளால் காட்டும்.

போட்டோரெக்: பெயரில் போட்டோ இருந்தாலும் பல வகை ஃபைல்களை மீட்கும். விண்டோஸின் பதிவேட்டை நம்பாமல், டிஸ்கை நேரடியாகப் படித்து ஃபைல்களின் அடையாளத்தைக் கொண்டு தேடும். அதனால் ஃபார்மேட் ஆன டிஸ்கிலும் முயலலாம். ஆனால் ஃபைலின் பழைய பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது. ஆயிரக்கணக்கான ஃபைல்களில் இருந்து உங்களுடையதைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி: 2020-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதன் ஸ்டோரில் கிடைக்கும். கட்டளை டைப் செய்துதான் இயக்க வேண்டும், எனவே தெரிந்தவர் துணை வேண்டும்.

எதைப் பயன்படுத்தினாலும் இரண்டு விதிகளை மீறாதீர்கள். ஒன்று, ஃபைல் தொலைந்த டிரைவிலேயே புரோகிராமை இன்ஸ்டால் செய்யாதீர்கள். டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டித் தேடுவது சிறந்தது. இரண்டு, மீட்ட ஃபைல்களை அதே டிரைவில் சேமிக்காதீர்கள், வேறு டிரைவில் சேமியுங்கள்.

ஃபார்மேட் ஆகியிருந்தால் "குவிக் ஃபார்மேட்" செய்தார்களா என்று கேளுங்கள். அது பதிவேட்டை மட்டும் புதிதாக எழுதும், ஹார்டு டிஸ்க் என்றால் மீட்க வாய்ப்பு உண்டு. முழு ஃபார்மேட் என்றால், விஸ்டா முதலான விண்டோஸ்களில் டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதப்பட்டுவிடும். எந்தப் புரோகிராமாலும் பயன் இல்லை. "நூறு சதவீதம் மீட்டுத் தருவோம்" என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். டிஸ்கில் இருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் எந்தப் புரோகிராமையும் ஓட்டாமல் உடனே கரண்டை நிறுத்துங்கள். அது டிஸ்க் மீட்பு நிபுணர்களின் வேலை.

ஃபைல் இருக்கிறது, தமிழ் காணோம்!

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு வரும் ஒரு பிரச்சினை இது. ஃபைல் கிடைத்துவிட்டது, திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து குப்பையாகத் தெரிகிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து டெலிட் செய்துவிடாதீர்கள்!

பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த ஃபைலில் உண்மையில் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழாகத் தெரியும். விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். விண்டோஸ் டாட் ஓல்டுக்குள் "விண்டோஸ்", அதற்குள் "ஃபான்ட்ஸ்" என்ற ஃபோல்டரில் பழைய எழுத்துரு இருக்கும். அதை வெளியே காப்பி செய்து, ரைட் கிளிக் செய்து "இன்ஸ்டால்" கொடுங்கள். தமிழ் திரும்ப வந்துவிடும்.

லதா எழுத்துருவில் டைப் செய்தவர்கள் கவலைப்பட வேண்டாம். அது யூனிகோட், வேறு யூனிகோட் எழுத்துருவிலும் தமிழாகவே தெரியும். விண்டோஸ் 10 முதல் லதா தானாக வராமல் போகலாம். "செட்டிங்ஸ்" பகுதியில் "ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்" என்பதில் தமிழ் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் லதாவும் வந்துவிடும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. முக்கியமான பழைய ஃபைல்களை நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றி வைப்பது நல்லது.

அடுத்த முறை விண்டோஸை மாற்றும் முன்

1. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், எழுத்துருக்கள் ஆகியவற்றை வெளி ஹார்டு டிஸ்குக்குக் காப்பி செய்யுங்கள்.

2. காப்பி செய்த டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது.

3. அந்த டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுக்கும்போது அதைக் கூடவே கொடுக்காதீர்கள்.

4. பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள்.

5. கடைக்காரரிடம் "ஃபார்மேட் பண்ண வேண்டாம், பண்ணுவதென்றால் எனக்குச் சொல்லிவிட்டுப் பண்ணுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

6. விண்டோஸ் மாறி வந்த நாளைக் காலண்டரில் குறியுங்கள். அதிலிருந்து பத்து நாட்களுக்குள் எல்லா ஃபைலும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

ஒரு டெராபைட் வெளி ஹார்டு டிஸ்கின் விலை சில ஆயிரம் ரூபாய். விண்டோஸை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போடலாம். உங்கள் வீட்டுப் போட்டோவை மறுபடி இன்ஸ்டால் செய்ய முடியாது. இந்த மாதமே அந்த ஆறு வேலைகளில் முதல் இரண்டையாவது முடித்துவிடுங்கள்.